பொண்ணு பேச ஆரம்பிச்சா ஆஃப் ஆயிடுது

ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். விண்டோஸை எப்படி ஏற்றுவது, டிரைவரை எங்கே தேடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் புதிதாக வருகிற கம்ப்யூட்டர்களில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் தினமும் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் ஒரே கடையின் ஒரே சர்வீஸ் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் ஒரு சரக்கு மட்டும் நிறைய இருக்கிறது. நான் செய்த தவறுகள். அவற்றில் மிகவும் தரமான ஒன்றை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

இது ஒரு கேமும், ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கரும் சம்பந்தப்பட்ட விஷயம். சிரிக்கிறீர்கள், தெரிகிறது. கேம் புகார் என்றால் உங்களுக்கெல்லாம் ஓர் இளக்காரம். வங்கியின் சர்வர் என்றால் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஓடுவீர்கள். கேம் நின்றுபோகிறது என்று யாராவது சொன்னால், "அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க சார்" என்று போனிலேயே முடித்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் கவுன்ட்டர் அக்காவைச் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு வருகிற போனை எடுப்பதும், புகாரை நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் கடையில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் என்ன சொன்னாரோ அதை அட்சரம் பிசகாமல் அப்படியே எழுதுவார். "ஹேங் ஆகிறது", "டிஸ்ப்ளே இல்லை" என்று நம் பாஷையில் சுருக்கி எழுத மாட்டார்.

ஒருமுறை திண்டிவனத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். "மத்தியானம் சாப்ட்டு முடிச்சா பிரின்ட்டர் வேலை செய்ய மாட்டேங்குது" என்று நோட்டில் இருந்தது. நான் அதை "பிரின்ட்டர் கோளாறு" என்று ஜாப் ஷீட்டில் மாற்றி எழுதிக்கொண்டு போய், பிரின்ட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் மறுபடியும் போன். கடைசியில் பார்த்தால், கடையில் வேலை செய்கிற பெண் டிபன் கேரியரைச் சூடு பண்ண பிரின்ட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கரண்ட் அடுப்பை மாட்டுகிறார், சாப்பிட்டதும் பிரின்ட்டரைத் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார். சாப்பாடு என்ற ஒரு வார்த்தையை நான் தூக்கி எறியாமல் இருந்திருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நோட்டைத் திறந்தேன். அக்காவின் குண்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது: "கோலியனூர். பொண்ணு பேச ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏன்க்கா, எங்க வீட்டுல அவங்க பேச ஆரம்பிச்சா நானே ஆஃப் ஆயிடறேன். அதுக்கு யாரு சர்வீஸ் வருவாங்க?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "அவரு சிரிச்சிக்கினு சொல்லல சார்" என்றார்.

நான் அந்த எண்ணுக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன். என்ன ஓடும்போது நிற்கிறது? கேம். என்ன ஸ்பீக்கர்? ஒயரில்லாத ஸ்பீக்கர். போதும் என்று வைத்துவிட்டு ஜாப் ஷீட்டில் "ப்ளூடூத் ஸ்பீக்கர், கேம் கிராஷ்" என்று அழகாக எழுதினேன். பெண்ணையும் காணோம், பேச்சையும் காணோம். என் கையெழுத்து அன்று ரொம்ப நன்றாக வந்தது, அது வேறு ஞாபகம் இருக்கிறது.

கோலியனூரில் புகார் சொன்னவர் வீடு ஊருக்குச் சற்று வெளியே, சொந்த நிலத்தை ஒட்டி. மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அறுபதை நெருங்குகிற வயது, வாட்டசாட்டமான ஆள். பல வருடம் டிராக்டர் ஓட்டியதில் இடது காது மந்தம், அதனால் எல்லாமே சத்தமாகத்தான் பேசுவார். கூடத்தில் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். கல்யாண மண்டபத்தில் வைக்கிற ஜாதி. பாட்டுக்குத் தகுந்த மாதிரி சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்கு ஓடுகிற வகை. பத்துக்குப் பதினைந்து கூடத்தில் அது எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கேம் என்னவென்றால், விவசாயம். நிஜமாகத்தான் சொல்கிறேன். திரையில் நிலம் இருக்கும், டிராக்டர் இருக்கும், உழ வேண்டும், விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். காலையில் சொந்த நிலத்தில் நின்றுவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, மனிதர் இங்கே உட்கார்ந்து மறுபடியும் உழுதுகொண்டிருந்தார். அதுவும் திட்டிக்கொண்டே.

"வரப்பே இல்ல பாரு சார். வரப்பு இல்லாம எவன் நெலம்னு எப்படித் தெரியும்? மல்லாட்ட போடலாம்னு பாத்தா அதுவும் இல்ல. கோதுமையாம், கோதுமை."

"எப்ப ஆஃப் ஆவுதுண்ணா?" என்றேன்.

"பொண்ணு பேச ஆரம்பிக்கும். ஓரத்துல போன் மாதிரி ஒரு படம் எரியும். அத அமுக்குவேன். அவ்ளோதான், டப்புனு போயிடும். மூணு வாரமா இதே பேஜாரு. அவ என்னா நெனச்சிக்கினு…"

"அதெல்லாம் இருக்கட்டும்ணா. ஆஃப் ஆவறப்ப திரையில என்ன எழுதி வருது?"

இந்த வாக்கியத்தைக் கவனித்தீர்களா? ஒரு மனிதர் தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி, அதன் நடு மையத்துக்கே வந்துவிட்டார். நான் அவர் வாயை அடைத்துவிட்டு, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டேன். இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். மறுக்காதீர்கள், போன வாரம் வந்தபோதுகூட இந்த மேசைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

கோளாறு என்னவோ சுலபம்தான். ஒயர்லெஸ் ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு வேலை செய்ய இரண்டு முறை உண்டு. பாட்டு கேட்க ஒன்று, போன் பேச ஒன்று. கேமில் ஒருவர் பேசக் கூப்பிட்டு நாம் அந்தப் படத்தை அமுக்கியதும், கம்ப்யூட்டர் மைக்கைத் தேடும். அவர் வீட்டில் இருந்த ஒரே மைக் அந்த ஸ்பீக்கருக்குள்ளேதான் இருந்தது. உடனே ஸ்பீக்கர் பாட்டு முறையை விட்டுவிட்டுப் போன் முறைக்குத் தாவும். அதுவரை சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்த இடம் காணாமல் போனதும் கேம் திகைத்துப்போய் அப்படியே விழுந்துவிடும், அதாவது தானாக மூடிக்கொள்ளும். யாரும் கூப்பிடாமலே நான் அந்தப் படத்தை அமுக்கிப் பார்த்தேன், விழுந்தது. இன்னொரு முறை அமுக்கினேன், விழுந்தது. பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையில்தான் கேமுக்குள் போய், பேசும் வசதியையே அடியோடு நிறுத்தினேன். தேவையில்லாததை எடுத்துவிட்டால் பாதி சர்வீஸ் முடிந்தது என்பது அந்தக் காலத்தில் என் கொள்கை. பிறகு நானே உட்கார்ந்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றரை ஏக்கர் உழுதேன். நிற்கவே இல்லை. பின்னாலிருந்து அவர் மட்டும், "கோணலா போவுது சார், கோணலா போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் மனைவி மோர் கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டும் போகாமல் வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வந்த முகம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வர்றேம்மா, இனிமே ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஜாப் ஷீட்டில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து நோட்டில் மறுபடியும் கோலியனூர். "இப்ப ஆஃப் ஆவறதே இல்ல. அதான் பிரச்சனை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவருக்கு என்னதான்க்கா வேணும்? நின்னாலும் புகார், ஓடினாலும் புகார்?" என்று கத்தினேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிதானமாக நோட்டைப் புரட்டி, பழைய வரியையும் புதிய வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுல பேசறது யாரு சார்?"

"அவரு பொண்ணு."

"அது எங்க இருக்குது?"

"தெரியாது."

"எதுக்கு கேம்ல வந்து பேசுது? போன் இல்லையா அதுக்கு?"

"தெரியாதுக்கா."

"அப்ப நீங்க என்னாத்த சார் ரிப்பேர் பண்ணீங்க?"

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ கம்பெனி டிரெயினிங் போயிருக்கிறேன். சான்றிதழ்கள் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அந்த ஒரு கேள்வி அளவுக்கு எதுவும் என்னைக் குத்தியதில்லை. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் விடுமுறை. அன்றைக்குத்தான் மகள் கேமுக்கு வருகிற நாள் என்பதை அக்கா போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். மயிலத்தில் கிருத்திகைக்குப் போகிற கூட்டம் இறங்கும்வரை நின்றுகொண்டே போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நான் பட்ட சிரமம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் அவர் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். இந்த முறை நான் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல், அவர் மனைவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்றேன். அந்த அம்மா இரண்டு வாரம் முன்பே சொல்ல நினைத்ததை எல்லாம் சொன்னார்.

மகள் பெயர் நிவேதா. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. எட்டு மாதத்துக்கு முன் நிச்சயதார்த்தம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு வாங்கியதுதான் அந்த ஸ்பீக்கர். மூன்று நாள் இருக்கும்போது, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. "இனிமே என்கிட்ட பேசாத" என்றார். அவளும் அதே ரத்தம்தானே, சரி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் அவளுக்குப் போன் பண்ணவில்லை, அவள் இவருக்குப் பண்ணவில்லை. அம்மா மட்டும் தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசுவார்.

கம்ப்யூட்டர் நிவேதா கல்லூரியில் படித்தபோது வாங்கியது. கேமும் அவளுடையது. ஒரு மழை ஞாயிறு, வேலை இல்லாமல் இவர் அதன்முன் உட்கார்ந்து, திரையில் நின்ற டிராக்டரைக் கிளப்பியிருக்கிறார். இன்டர்நெட் வழியாக இரண்டு பேர் ஆடக்கூடிய கேம் என்பதால், தன் நிலத்தில் யாரோ உழுகிறார்கள் என்று பெங்களூரில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் உள்ளே வந்தாள். அவள் அறுவடை இயந்திரத்தை ஓட்ட, இவர் டிராக்டரைப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போய்த் தானியத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரு வார்த்தை பேச்சு இல்லை.

"ஊர்ல எல்லாரும் போன்ல பேசிக்குவாங்க சார். இதுங்க ரெண்டும் பேசாம டிராக்டர் ஓட்டிக்கினு இருக்கும்" என்றார் அந்த அம்மா.

பிறகு ஒரு ஞாயிறு, நிவேதா பேசக் கூப்பிட்டிருக்கிறாள். இவரும் அமுக்கியிருக்கிறார். கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. மூன்று ஞாயிறு இதே கதை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அவள் "அப்பா" என்று சொன்ன மறு நொடி அப்பா எழுந்து போய்விடுகிறார். கம்ப்யூட்டர் கோளாறு என்று அம்மா சொன்னதை அவள் அரைகுறையாக நம்பியிருக்கிறாள். அப்புறம்தான் நான் போனேன். சர்வீஸ் ஆள் வந்து எல்லாம் சரி பண்ணிவிட்டார் என்று அம்மா மகளிடம் சந்தோஷமாகச் சொல்ல, அந்த ஞாயிறு அவள் ஆசையாக உள்ளே வந்து பார்த்தால், திரையில் ஒரு வரி: இவர் பேச்சை நிறுத்திவைத்திருக்கிறார்.

"சரி பண்ண பின்னாடியும் மூடி வச்சிருந்தா அது யாரு வேலைம்மான்னு கேட்டுச்சு சார். ரெண்டு வாரமா வரல. அந்த அறுக்கற மிஷின் வயல் ஓரமா சும்மா நிக்குது. இவரு அதையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு."

கம்ப்யூட்டர் விழுந்துகொண்டிருந்தவரை அந்தப் பெண்ணுக்கு ஒரு சந்தேகமாவது இருந்தது. அதை நான் தீர்த்துவைத்துவிட்டேன், என் கடை முத்திரையோடு.

முதலில் கையால் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஸ்பீக்கரின் போன் முறையை நிறுத்தினேன். இனி அது சத்தம் மட்டும் கொடுக்கும், எதையும் கேட்காது. பேசுவதற்கு என் பையிலிருந்த சின்ன ஒயர் மைக் ஒன்றைத் தனியாக மாட்டினேன். கேமில் பேச்சைத் திறந்துவிட்டேன். இதெல்லாம் கால் மணி நேர வேலை. அன்றே யோசித்திருந்தால் அன்றே செய்திருக்கலாம்.

நானே படத்தை அமுக்கிப் பார்த்தேன், விழவில்லை. ஆனால் பேச்சும் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால்தான் தெரியும். அந்தப் பக்கம் இருப்பது நிவேதா ஒருத்திதான், அவள் வருவதில்லை. அப்படியே வந்து, நான்காவது முறையும் விழுந்துவிட்டால்? அதற்கப்புறம் அவளை யாராலும் அழைத்துவர முடியாது. இப்படி ஒரு டெஸ்டிங்கை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளரிடம் தப்பு நம்முடையது என்று மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. போன தடவை வந்தது வேறு கோளாறு, இப்போது வந்திருப்பது வேறு கோளாறு என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். நானே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுபோக, அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் சர்வீஸ் ஆள் தலையிடக் கூடாது என்பதும் சட்டம்தான். ஐந்து நிமிடம் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "உங்க போனைக் கொடுங்கம்மா" என்றேன்.

"சொல்லும்மா" என்று எடுத்தாள் நிவேதா.

"அம்மா இல்லம்மா. கம்ப்யூட்டர் சர்வீஸ்லேர்ந்து பேசறேன்."

"அதுதான் நல்லா ஓடுதே சார்." குரல் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

"ஓடுது. ஆனா நான் தப்பா சரி பண்ணிட்டேன். பேச்ச நிறுத்தி வச்சது உங்க அப்பா இல்லம்மா. நான். அவருக்கு அது தெரியவே தெரியாது. அதுக்கு முன்னாடி மூணு வாரம் கட் ஆனதும் அவரு பண்ணல. ஒவ்வொரு தடவையும் நீங்க பேசணும்னுதான் அவரு அமுக்கியிருக்காரு. ஸ்பீக்கரு போன் முறைக்கு மாறி, கேம் விழுந்திருக்குது."

"அப்பா சொல்லச் சொன்னாரா?" என்றாள்.

"அவரு மாட்டாண்ட போயிருக்காரு. நான் பேசறதே அவருக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் பெங்களூரில் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையாம். என்னைப் பிடித்து உலுக்க ஆரம்பித்துவிட்டாள். "பேச்ச நிறுத்திட்டு, பேசாம டெஸ்ட் பண்ணீங்களா சார்?" "ஆமாம்மா." "தனியா உக்காந்து?" "ஆமாம்மா." "ரெண்டு பேரு விளையாடற கேம தனியா உக்காந்து டெஸ்ட் பண்ணிட்டு, சரியாச்சுன்னு கையெழுத்து வாங்கினீங்களா?" "ஆமாம்மா." என் மகள் வயதுப் பெண். பதிலுக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரே வார்த்தைதான். கடைசியில் மைக்கைத் தனியாக மாட்டியதைச் சொன்னதும், "ம்" என்றாள். "பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தார். "வாங்கண்ணா, டெஸ்ட் பண்ணிடலாம். உக்காந்து ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்து டிராக்டரைக் கிளப்பினார். இரண்டு வரிசை போயிருக்கும். வயல் ஓரத்தில் நின்ற அறுவடை இயந்திரத்தின் விளக்கு எரிந்தது. மெல்ல நகர்ந்து வயலுக்குள் இறங்கியது.

அவர் முதுகு நிமிர்ந்தது. டிராக்டரைத் திருப்பி அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் படம் எரிந்தது. கையை மவுஸ் மேலேயே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அமுக்கட்டுமா சார்?"

"அமுக்குங்கண்ணா."

"ஆஃப் ஆயிட்டா?"

ஆகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போன தடவை அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். "ஆயிட்டா அடுத்த நிமிஷமே நான் நிவேதாவுக்குப் போன் போட்டு, ஆஃப் பண்ணது உங்க அப்பா இல்ல, நான்தான்னு சொல்றேண்ணா. ஒவ்வொரு தடவையும் சொல்றேன்" என்றேன்.

அவர் அமுக்கினார்.

ஸ்பீக்கரில் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் ஒரு சுற்று ஓடியது. "அப்பா" என்றது ஸ்பீக்கர். மண்டப ஸ்பீக்கர் அல்லவா, கூடமே அதிர்ந்தது. எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "என்னா, நிவேதா வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் விழவில்லை. கேம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் நின்றுவிட்டார். வாய் திறந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. "அப்பா? கேக்குதா?" என்று மறுபடியும் குரல். மைக் வேலை செய்யவில்லையோ என்று நான் ஒயரைப் பிடித்துப் பார்த்தேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதமாக மூடியிருந்த ஆளை எந்த செட்டிங்கில் போய்த் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் திறந்தார். "ஏன்டி, ரெண்டு வாரமா அறுக்காம வுட்டா கதிரு கொட்டிப்போவாதா?"

"இதுல கொட்டாதுப்பா. இது கேமு."

"எதுலயும் கொட்டும்."

"சரி, கொட்டும்." அவள் சிரித்தது கேட்டது. "சத்தம் இவ்ளோ கிட்ட கேக்குது. எந்த ஸ்பீக்கர்ப்பா?"

அவர் அந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். "உனக்கோசரம் வாங்கினதுதான்" என்றார்.

நான் பயந்துபோய்த் திரையைப் பார்த்தேன். விழவில்லை. அறுவடை இயந்திரம் வயல் நடுவில் நின்றிருந்தது, அதன் பக்கத்தில் டிராக்டரும் நின்றிருந்தது.

"இன்னும் அந்த லைட்டு ஓடிக்கினுதான் இருக்குதா?" என்றாள்.

"ஓடுது. எப்படி அணைக்கறதுன்னு தெரியல. நீ வந்து பாரு." பிறகு தொண்டையைச் செருமினார். "பேசாதன்னு அன்னைக்கு நான் சொன்னது…"

"வுடுப்பா."

"வுடறேன். நீ வண்டிய நேரா ஓட்டு. அந்த சர்வீஸ்காரரு மாதிரி கோணலா போற."

சும்மா சொல்லவில்லை, எனக்கு அழுகையே வந்தது. அந்த அம்மா சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே வந்தேன். அன்றைக்கு நான் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. மைக்கையும் திருப்பி வாங்கவில்லை.

மறுநாள் கடையில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஸ்பீக்கரால ஒரே நேரத்துல கேக்கவும் சத்தம் குடுக்கவும் முடியலக்கா, அதான் கோளாறு" என்றேன். "உங்களுக்கும் அதே கோளாறுதான் சார்" என்றார் அவர், தலை நிமிராமல். அன்றிலிருந்து ஜாப் ஷீட்டில் நானாக எதையும் மாற்றி எழுதியதில்லை. நோட்டில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினேன். கடையில் கேலி பண்ணினார்கள். "பாட்டு போட்டா பல்லி வருது" என்றுகூட ஒரு ஜாப் ஷீட் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அதில் பல்லி நிஜம்தான்.

நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட நான் யார்? ஆனால் ஒருவர் தன் வாயால் சொன்னதை உங்கள் பாஷைக்கு மாற்றுவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். யார் பேசினால், யார் வந்தால், எந்தக் கிழமை என்று அதில் இருப்பதை எல்லாம் நாம் குப்பை என்று தள்ளிவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் அந்தக் குப்பைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம், இரண்டு பேர் விளையாடுவதைத் தனியாக உட்கார்ந்து டெஸ்ட் பண்ணாதீர்கள். திட்டு வாங்கியவன் சொல்கிறேன்.

கோலியனூரிலிருந்து அதற்குப் பிறகு ஒரே ஒரு போன் வந்தது. ஒரு மாதம் கழித்து. இந்த முறை பேசியது அந்த அம்மா. அக்கா வழக்கம்போல அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார்: "ஞாயித்துக்கிழம ஆனா ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டு ஆஃப் ஆவ மாட்டேங்கறாங்க. மத்தியானம் சோறு ஆறிப்போவுது. என்னா பண்றது?"

நான் இரண்டு முறை படித்தேன். எப்போது கிளம்புகிறீர்கள் என்று அக்கா கேட்டார். நான் பேனாவை வாங்கி, நோட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதினேன். இருபத்தாறு வருடத்தில், போனும் போடாமல், நேரிலும் போகாமல் நான் முடித்துவைத்த ஒரே புகார் அதுதான்.